கப்பு வந்தாத்தான் கல்யாணம்

எங்க தேயிலைத் தோட்டத்து ஃபுட்பால் டீம் தோத்தா மத்தவங்களுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. எனக்கு ஒரு வருஷம் கல்யாணம் தள்ளிப்போகும். பதுளையில ஜவுளிக்கடையில என்கூட வேலை செஞ்ச பிள்ளைங்ககிட்ட இதைச் சொன்னப்போ விழுந்து விழுந்து சிரிச்சாளுக. "பந்துக்கும் தாலிக்கும் என்னடி சம்பந்தம்?"னு கேட்டாளுக. நானும் கூடச் சேந்து சிரிச்சு வச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

சம்பந்தம் இருந்துச்சு. அதை உண்டாக்குனவரு என் மச்சான், எங்க அத்தை மகன். வரிசையா வீடு கட்டுன மேல் லயத்துல அவங்க வீடு, கீழ் லயத்துல எங்க வீடு. தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுறாரு. டீமுக்கு அவருதான் கேப்டன். அவருக்கு நான்னு பெரியவங்க எப்பவோ பேசி வச்சது. வளந்த பெறகு எங்க ரெண்டு பேருக்குமே அதுல இஷ்டந்தான், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. ஒரு ஆவணி மாசம் வெத்தலை பாக்கு மாத்தி உறுதி பண்ணுனாங்க. தை பொறந்ததும் கல்யாணம்னு பேச்சு.

தை பொறந்தா எங்க பக்கம் பந்தாட்டமும் சேந்து பொறந்துரும். கொழும்புல கடை, ஹோட்டல்னு வேலைக்குப் போன பையங்க எல்லாம் பொங்கலுக்கு வீட்டுக்கு வருவாங்க. அவங்க திரும்பிப் போறதுக்குள்ள ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்க, மத்தப் பக்கத்துத் தோட்டங்கன்னு எல்லா டீமும் சேந்து கப்புக்கு ஆடும். தோத்தவன் வீட்டுக்குப் போகணும். கடைசியா மிஞ்சுற நாலு டீம் பதுளை டவுன் கிரவுண்டுக்கு வந்து செமி ஃபைனல் ஆடும். செமிக்கு வர்றதுல எங்க டீமை அடிச்சுக்க ஆளில்ல. அதைத் தாண்டுறதுலதான் சனி. நான் சின்னப் பிள்ளையா இருந்த காலத்துலேருந்து எங்க தோட்டம் ஒரு ஃபைனல் ஆடி நான் பாத்ததில்ல.

உறுதி பண்ணுன அந்த வருஷமும் அப்படித்தான். ஆட்டம் சமமா முடிஞ்சு, பெனால்டி அடிச்சு, அதுல தோத்துட்டு வந்தாங்க. பஸ்ஸை விட்டு இறங்குனா நேரா எங்க மாரியம்மன் கோயில் வாசல். பூசாரி தட்டுல சூடம் ஏத்தி நீட்டுனாரு. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டாங்க. என் மச்சான் கும்பிடல. எரியுற சூடத்து மேல உள்ளங்கையை வச்சு அமுக்கி அணைச்சுட்டாரு.

"ஆத்தா, கப்பு இந்த வாசல்ல வந்து இறங்குற வரைக்கும் எனக்குக் கல்யாணம் இல்ல"ன்னாரு.

எங்க ஆளுங்களுக்குச் சூடம் அணைச்சுச் சொன்ன வார்த்தைன்னா அதுக்கு மேல பேச்சில்ல. போலீஸ்ல எழுதிக் குடுத்ததைக்கூட மாத்திப் பேசுவாங்க, இதை மாத்த மாட்டாங்க. மாத்துனா சாமி குத்தம். பையங்க விசிலடிச்சாங்க, தப்பு மேளம் அடிக்கிறவரு சும்மா நிக்க முடியாம நாலு தட்டு தட்டுனாரு. பொம்பளைங்க பக்கம் நின்ன எனக்கும் உடம்பு சிலுத்துப் போச்சு. அட, நம்ம ஆளுக்கு எவ்வளவு வைராக்கியம்னு பெருமை. அறிவு கெட்டவ, நானும் கைதட்டுனேன்.

அவருக்கு உள்ளங்கையில கொப்புளம் வந்து, லொறி ஓட்ட முடியாம வீட்டுல உக்காந்திருந்தாரு. அத்தை தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டே திட்டுன திட்டு எங்க லயம் வரைக்கும் கேட்டுச்சு. "உனக்கு மூளையிருக்காடா? நீங்க பந்தடிக்கிறதுக்கு என் மருமக என்னடா பண்ணுவா?"

"அடுத்த தையில கப்பு வந்துரும்மா, சும்மா கத்தாத"ன்னாரு அவரு.

அவரு நிஜமாவே அப்படித்தான் நெனச்சாரு. தோட்டமே அப்படித்தான் நெனச்சுச்சு. தோத்து வந்து ஒரு வாரம் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிவாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு முன்னால கூட்டம் போட்டு, ஏன் தோத்தோம்னு பேசுவாங்க. பேசி முடிக்கும்போது, அடுத்த வருஷம் நமக்குத்தான்னு தீர்ப்பாகியிருக்கும். இந்தக் கூட்டம் வருஷா வருஷம் நடக்கும். பொங்கல் மாதிரி அதுவும் ஒரு சடங்கு.

அடுத்த தையில கப்பு வரல. எதிராளி உதைச்ச பந்து எங்க பையன் ஒருத்தன் முதுகுல பட்டு எங்க கோலுக்குள்ளயே போயிருச்சு. அதுக்கடுத்த வருஷம் கொரோனா. ஆட்டமே நடக்கல. அந்த ஒரு வருஷந்தான் எங்க டீம் தோக்காம இருந்துச்சுன்னு எங்க அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பெறகு பெட்ரோல், டீசலுக்கு ஜனம் வரிசையில நின்ன காலம். ஆட்டம் தள்ளித் தள்ளிப் போயி ஒரு வழியா வச்சாங்க. பஸ் கிடைக்கல, டிராக்டர் பெட்டியில நின்னுக்கிட்டே டவுனுக்குப் போனாங்க. இறங்கும்போதே பையங்களுக்குக் காலு மரத்துப் போச்சு. அன்னைக்கு வாங்குன கோலை எண்ணவே வேணாம்.

நான் என்ன பண்ணுனேன்? காலையில பஸ் ஏறி டவுனுக்குப் போவேன். கடையைக் கூட்டித் தண்ணி தெளிச்சு, மொதலாளி சாமிப் படத்துக்கு ஊதுவத்தி காட்டுன பெறகு, கல்யாணச் சேலை செக்ஷன்ல நிப்பேன். அங்கதான் என்னைப் போட்டிருந்தாங்க. வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் சேலையை விரிச்சுக் காட்டி, தோள்ல போட்டுக் கண்ணாடிக்கு முன்னால நிக்க வச்சு, "உங்க நிறத்துக்கு இந்த அரக்குத்தான் எடுப்பு அக்கா"ன்னு சொல்லணும். என்னை அக்கான்னு கூப்பிட்ட பொண்ணுங்களுக்கெல்லாம் சேலை எடுத்துக் குடுத்தாச்சு. அதுங்க பிள்ளைக்குத் துணி எடுக்க வந்து நிக்குதுங்க, நான் அதே எடத்துல நிக்கிறேன். ஒரு நாள் சேலை மடிக்கிற சாக்குல உள் அறைக்குப் போயி நல்லா அழுதுட்டு வந்தேன். சொல்றதுக்கென்ன வெக்கம்?

எங்க டீமுக்கு ஜெர்சி குடுக்கிறதும் எங்க மொதலாளிதான். அவருக்குப் பந்தாட்டத்துல ஒரு இதுவும் தெரியாது, ஆனா என்னைப் பாத்தா அவருக்குப் பாவமா இருக்கும். ஒரு வருஷம் பச்சைக் கலர்ல குடுத்துட்டாரு. தோட்டத்துக் கிரவுண்டுல சுத்தியும் தேயிலை. பந்தெடுக்கத் தேயிலைக்குள்ள போனவன் எங்க நிக்கிறான்னே தெரியாம அவனைத் தேட ஒரு ஆளை அனுப்ப வேண்டியதாப் போச்சு. அந்த வருஷம் தோத்ததுக்குப் பச்சைதான் காரணம்னு கூட்டத்துல முடிவாச்சு. மறு வருஷம் மஞ்சள். மஞ்சள்லயும் தோத்தோம்.

காரணம் சொல்ல எங்க ஆளுங்களை மிஞ்ச முடியாது. ரெஃபரி அந்தத் தோட்டத்து ஆளுக்கு மச்சினன். டவுன் கிரவுண்டுல புல்லு ஜாஸ்தி. காலையில புட்டு தின்னுட்டுப் போனது தப்பு. ஆனா உண்மையான காரணம் ஒன்னு இருந்துச்சு, அது எல்லாருக்குமே தெரியும். எங்க கிரவுண்டு சாய்வு. மலையை வெட்டிச் சமப்படுத்துனவன் பாதியில விட்டுட்டுப் போயிட்டான் போல. ஒரு கோல் மேல, ஒரு கோல் கீழ. கீழ் கோல்ல அடிச்சுத் தவறுனா பந்து பள்ளத்துல உருண்டு ஓடைக்குப் போயிரும். எடுத்துட்டு ஏறி வர்றதுக்குள்ள இருட்டிரும். அதனால பெனால்டி பழகுறதெல்லாம் மேல் கோல்லதான். மேட்டைப் பாத்துத் தூக்கி அடிச்சு அடிச்சே எல்லாருக்கும் காலு பழகிப் போச்சு. டவுன் கிரவுண்டு தட்டையா இருக்கும். அங்க போயும் பழக்க தோஷத்துல தூக்கி அடிப்பாங்க, பந்து கம்பிக்கு மேல பறக்கும். "கீழ் கோல்ல பழகுங்களேன்"னு நான் மச்சான்கிட்ட ஒரு தடவை சொன்னேன். "பந்தை யாரு புள்ள எடுத்துட்டு வர்றது?"ன்னாரு. நான் எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்துச்சு.

அவரைக் கெட்டவர்னு நெனச்சிராதீங்க. அவரு நல்ல மனுஷன். சாயங்காலம் மழை பெஞ்சா பஸ் ஹோல்ட்டுல குடையோட நிப்பாரு. அம்மாவுக்குக் காய்ச்சல்னா லொறியைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவாரு. எனக்குக் கடையில என்ன பிரச்சினைன்னாலும் காது குடுத்துக் கேப்பாரு. ஆனா கல்யாணம்னு வாயெடுத்தா மொகம் கல்லாயிரும்.

"சத்தியம் புள்ள. நான் என்ன செய்ய?"

இந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். சில நாள் வேற மாதிரியும் தோணும். ஒரு வேளை இந்த மனுஷனுக்கு நான் வேணாமோ? நேரா சொல்லத் தைரியமில்லாம சாமியையும் பந்தையும் நடுவுல நிறுத்தி வச்சிருக்காரோ? இதை யாருகிட்ட கேக்க? பீலியில தண்ணி பிடிக்கப் போனா பொம்பளைங்க, "எப்படி, எப்பக் கல்யாணச் சோறு போடப் போற?"ன்னு கேப்பாங்க. கேலிக்குத்தான் கேக்குறாங்க, எனக்கு ஊசியா குத்தும். "கப்பைக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு வாளியைத் தூக்கிட்டு வந்துருவேன்.

எங்க அப்பா பொறுமைசாலி. ஆனா அவருக்கும் ஒரு அளவிருக்கில்ல? ஒரு தீபாவளி கழிஞ்சு தரகர் ஒருத்தர் வந்தாரு. மொனராகலையில மாப்பிள்ளை, சொந்தமா ஹார்டுவெயார் கடை, நம்ம ஆளுங்கதான், நல்ல குடும்பம். அப்பா என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு நிதானமாப் பேசுனாரு.

"நான் எங்க அக்காவுக்குக் குடுத்த வாக்கை மீறல. இந்தத் தை வரைக்கும் பாப்போம். கப்பு வந்தா உன் மச்சான். வரலைன்னா மொனராகலை. நானும் எத்தனை வருஷந்தான் பந்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

அவரு சொன்னதுல தப்பு எங்க இருக்கு? மொனராகலைக்காரரை நான் பாத்ததுகூட இல்ல, ஆனா அந்த ஊரு வெயிலை நெனச்சாலே எனக்கு வேர்த்துச்சு. மச்சான்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவரு ஏறப் போன லொறிக் கதவைத் திரும்பச் சாத்துனாரு. "அப்ப இந்த வருஷம் எடுத்தே ஆகணும்"னாரு. அன்னைக்கு அவரு கண்ணைப் பாத்தேன். நான் வேணாம்னு நெனக்கிறவரு கண்ணு இல்ல அது. எனக்குப் பாதி உசுரு வந்துச்சு.

அந்தத் தையில எங்க டீம் ஆடுன ஆட்டத்தை மறக்க முடியாது. வழக்கம் போல செமிக்கு வந்தோம். தோட்டமே பஸ் பிடிச்சு டவுனுக்கு இறங்கிருச்சு. நானும் கடைக்கு லீவு சொல்லிட்டு வந்து கிரவுண்டு ஓரத்துல உக்காந்திருந்தேன். என் பக்கத்துல அத்தை, அந்தப் பக்கம் அம்மா. மாரியம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணுன விபூதியை அத்தை என் நெத்தியில பூசி விட்டாங்க. "ஆடப்போறது அவங்க, எனக்கு எதுக்கு அத்தை?"ன்னேன். "உனக்குத்தான்டி முக்கியம்"னாங்க.

மொதல்ல எதிராளி ஒரு கோல் போட்டான். எங்க சனம் அப்படியே உக்காந்துருச்சு. ரெண்டாவது பாதியில மச்சான் நடுவுலேருந்து ஓடிப் போயி ஒன்னு போட்டாரு பாருங்க! நான் எழுந்திரிச்சுக் கத்துன கத்துல தலைமுடி அவுந்து போச்சு. பெறகு யாரும் போடல. சமம். திரும்பவும் பெனால்டி.

மாத்தி மாத்தி அடிச்சாங்க. கோல்ல நின்ன எங்க கோலி ஒன்னைப் பிடிச்சான், எங்களுதுல ஒன்னு வெளியே போச்சு. கடைசியில எதிராளி அவனோட பந்தைப் போட்டுட்டான். எங்களுக்கு மிஞ்சுனது ஒரே ஒரு அடி. அது போனா ஆட்டம் இன்னும் இருக்கு, போகலைன்னா எல்லாம் போச்சு. அடிக்க வந்தது என் மச்சான். பந்தை வச்சுட்டு எங்க பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. 'தூக்காதீங்க, தூக்காதீங்க'ன்னு என் மனசு கெடந்து அடிச்சுக்குது. ஓடி வந்தாரு. தூக்கிட்டாரு. பந்து கம்பிக்கு மேல போயி, மதிலைத் தாண்டி, ரோட்டுல நின்ன ஒரு திரீவீல் கூரையில டம்முன்னு விழுந்துச்சு.

அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேக்குது. யாரும் யாரையும் திட்டல. தப்பு அடிக்கிறவரு தப்பைச் சாக்குல சுத்தி வச்சாரு. மச்சான் அந்த எடத்துலயே தரையில உக்காந்துட்டாரு. அத்தை என் கையைப் பிடிச்சாங்க. எனக்கு அழுகை வரல. கோவம். யாரு மேலன்னு தெரியாத ஒரு கோவம் வந்து, பஸ்ஸுல வீடு வந்து சேர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டே வந்தேன்.

மறுநாள் காலையில வேலைக்குப் போகப் பஸ் ஹோல்ட்டுல நின்னேன். அவரு வந்தாரு. ஒரே நாள்ல கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு.

"நீ மொனராகலைக்கே சம்மதம் சொல்லிரு புள்ள. என்னால உனக்குக் கஷ்டந்தான்."

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"ன்னேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். டவுன் வரைக்கும் ஜன்னல் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதேன். கடைக்குப் போனதும் மொதலாளி தேத்தண்ணி வரவழைச்சுக் குடுத்துட்டு, "இன்னைக்கு நீ கல்யாணச் சேலை பக்கம் நிக்க வேணாம்மா, பெட்ஷீட் பக்கம் நில்லு"ன்னாரு.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை காலையில வழக்கம் போலக் கூட்டம். கோயிலுக்குப் பக்கத்துலதான் பீலி. நான் வாளி நிறையறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறேன், அவங்க பேசுறது அத்தனையும் காதுல விழுது. பந்துல காத்து ஜாஸ்தின்னு ஒருத்தர். கேப்டன் கடைசியா அடிச்சிருக்கக் கூடாது, மொதல்லயே அடிச்சிருக்கணும்னு இன்னொருத்தர். ஜெர்சியை நீலமா மாத்திப் பாப்போம்னு ஒரு யோசனை. மச்சான் ஓரமாத் தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காரு. எங்க அப்பாவும் இருக்காரு. என் கல்யாணத்தைப் பத்தி ஒரு வாய் பேசணுமே? ம்ஹூம். கடைசியில யாரோ, "சரி விடுங்கப்பா, அடுத்த வருஷம் எடுத்துருவோம்"னாங்க.

எனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. வாளியைக் கையில பிடிச்சபடியே கூட்டத்துக்கு நடுவுல போயி நின்னேன். ஆம்பளைங்க கூட்டத்துல பொம்பளைப் பிள்ளை போயி நிக்கிறது எங்க பக்கம் வழக்கமில்ல. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க.

"உங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு. எனக்கு இருக்கா?"ன்னேன். "எவ்வளவு நேரமாப் பேசுறீங்க. பந்து, காத்து, கலரு. இவரு சூடம் அணைக்கும்போது கைதட்டுனீங்களே, இந்தப் பிள்ளை கதி என்னன்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? பதினோரு பேரு ஓடுற ஆட்டத்துக்கு நான் ஒருத்தி எதுக்கு வீட்டுல உக்காந்திருக்கணும்?"

வாளித் தண்ணி காலெல்லாம் கொட்டிருச்சு. அப்பா எழுந்திரிக்கப் பாத்தாரு, பெறகு உக்காந்துட்டாரு.

பூசாரிதான் வாயைத் திறந்தாரு. அவரு நல்ல மனுஷர், மெதுவாத்தான் சொன்னாரு. "நீ சொல்றது நியாயந்தாம்மா. ஆனா சூடம் அணைச்சுச் சொன்னது. அதைத் தாண்டுனா குத்தம் வருமே?"

அப்பத்தான் மச்சான் எழுந்திரிச்சாரு. என்னைப் பாக்கல, கோயிலைப் பாத்துக்கிட்டுப் பேசுனாரு.

"நான் என்னையத்தான் கட்டிப் போட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கைய வச்சது நான், சுட்டது இவளுக்கு. இவ இப்பச் சொல்லித்தான் எனக்கு ஒறைக்குது. குத்தம் வந்தா எனக்கு வரட்டும் ஆத்தா. கப்பு வர்றப்ப வரட்டும். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

எங்க கோலி சின்னப் பையன், கொழும்புல பேக்கரியில வேலை செய்றான். அவன் எழுந்திரிச்சு, "அண்ணன் டீமுக்காகத்தானே சொன்னாரு? அப்பக் குத்தமும் டீமுக்குத்தான். எல்லாரும் சேந்து மொட்டை போட்டு ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டா ஆகாதா பூசாரி?"ன்னான். பூசாரி யோசிச்சாரு. ஆளாளுக்கு அவரு வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "மனசாரப் போட்டீங்கன்னா ஆத்தா தள்ள மாட்டா"ன்னாரு.

அடுத்த வெள்ளிக்கிழமை டீமே வரிசையா உக்காந்து மொட்டை போட்டுச்சு. ஆடாம பெஞ்சில உக்காந்திருந்தவனையும் விடல. ஒருத்தன் கொழும்புல சலூனுக்குப் போயி முடியைச் சுருட்டி, செம்பட்டைச் சாயம் அடிச்சு வச்சிருந்தான். அவன் தலையில கத்தி பட்டதும் கண்ணுல தண்ணி கொட்டுது. பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டோம். எங்க அப்பா கோயில் படியில உக்காந்து போனை எடுத்துத் தரகருக்குப் பேசுனாரு. "மன்னிச்சுக்கங்க, பிள்ளையை எங்க அக்கா வீட்டுலயே கேட்டுட்டாங்க"ன்னு சொல்லிட்டு, போனைப் பையில போட்டுக்கிட்டு எங்க பக்கம் பாத்துச் சிரிச்சாரு.

மாசியில கல்யாணம். எங்க கல்யாண ஆல்பத்தைப் பாக்கிறவங்க யாரும் முதல்ல என் சேலையைப் பாக்க மாட்டாங்க. மாப்பிள்ளைக்கு மொட்டை, மாப்பிள்ளைத் தோழனுக்கு மொட்டை, பந்தி பரிமாறுனவனுக்கும் மொட்டை. யாரு வீட்டுத் துக்கம்னு ஒரு அக்கா கேட்டாங்களாம்.

அதுக்கு அடுத்த தை வந்துச்சு. நான் நிம்மதியா இருந்தேன். இனிமே அவங்க ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? எனக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல. செமிக்கு ஒரு பை நிறைய கச்சான் கடலை வாங்கிக்கிட்டுத்தான் போனேன். அத்தைக்குக் கொஞ்சம் குடுத்துட்டு, காலை நீட்டி உக்காந்து கச்சான் உரிச்சுத் தின்னுக்கிட்டே ஆட்டம் பாத்தேன். வாழ்க்கையில முதல் தடவையா பந்தாட்டத்தை ஆட்டமாப் பாத்தேன்னு சொல்லணும். எங்க பையங்க எவ்வளவு அழகா ஓடுறாங்க! கோலி பாயுறான் பாருங்க, பூனைக்குட்டி தோத்துச்சு. இவ்வளவு நாளா இதெல்லாம் என் கண்ணுல படவே இல்லையே. எப்பக் கச்சான் தின்னுறதை நிறுத்துனேன்னு எனக்கே தெரியாது.

திரும்பவும் சமம். திரும்பவும் பெனால்டி. இந்தத் தடவை மச்சான் மொதல்லயே அடிச்சுப் போட்டுட்டாரு, தரையோட தரையா. கடைசி அடியை ஒரு புதுப் பையனுக்குக் குடுத்தாரு. அவனும் தூக்காம நேரா அடிச்சான். பந்து போஸ்ட்டுல பட்டுச்சு. பட்ட பந்து கோலுக்குள்ள போறதா வெளிய போறதான்னு கோட்டு மேலயே ஒரு நிமிஷம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு. வெளிய வந்துருச்சு.

நான் ஐயோன்னு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்தவ, எழுந்திரிக்கல. மடியில இருந்த கச்சானெல்லாம் தரையில கொட்டிருச்சு. பொல பொலன்னு அழுகை. அத்தை பயந்து போயி, "என்னடி, உடம்புக்கு என்ன?"ன்னு கேக்குறாங்க.

பஸ்ஸுல ஏறுனதும் பின் சீட்டுல ஒரு குரல், "சத்தியத்தை மீறுனாங்கல்ல, அதான்"னு மெதுவா இழுத்துச்சு. அத்தை படக்குன்னு திரும்புனாங்க. "மீறாதப்ப மட்டும் அள்ளிக்கிட்டு வந்தீங்களோ?" அதுக்கப்புறம் அந்தக் குரல் வரல.

மச்சான் கடைசியா ஏறுனாரு. என் மொகத்தைப் பாத்துட்டு அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உனக்கு என்ன புள்ள? உன் காரியந்தான் நடந்துருச்சே. நீ எதுக்கு அழுவுற?"

"என் காரியத்தை விடுங்க. நம்ம தோத்துட்டோம்ல!"ன்னேன். "அவ்வளவு நல்லா ஆடிட்டுத் தோத்துட்டோமே. அந்தப் பிள்ளை சரியாத்தானே அடிச்சுச்சு? அந்தப் பாழாப்போன போஸ்ட்டை ஒரு விரக்கடை தள்ளி நட்டிருந்தா என்ன?"

அவரு சிரிப்பை நிறுத்திட்டாரு. அவரு கண்ணும் கலங்கிப் போச்சு. அத்தையை ஜன்னல் பக்கம் நகரச் சொல்லிட்டு என் பக்கத்துல உக்காந்தாரு. வீடு வந்து சேர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அந்தப் போஸ்ட்டைத் திட்டிக்கிட்டே வந்தோம்.